அவனுக்குக் கபடி தெரியாது

மைக் கைக்கு வந்துவிட்டது. நினைத்ததைவிடக் கனமாக இருக்கிறது, அல்லது என் கைதான் மெலிந்துவிட்டதோ என்னவோ, மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகு வயிறு பெருத்தது, கை குச்சியாகவே நின்றுவிட்டது, டாக்டரம்மாவிடம் சொன்னால் காலையில் நடங்க சோலைராஜ் என்பார், நடக்கிறேன், தினமும் ரைஸ் மில்லுக்கு நடந்துதான் போகிறேன், ஆனால் இப்போது நடக்க வேண்டியதில்லை, உட்கார்ந்து பேசினால் போதும். பெஞ்சுகளை ஒட்டிப் போட்டு ஜமக்காளம் விரித்ததுதான் மேடை. பக்கத்தில் காதர் மைதீன் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் சம்மணம் போட்டிருக்கிறான், மைக்செட் காதர் என்றால் செங்குளத்தில் எல்லாருக்கும் தெரியும், சோலைராஜ் என்றாலும் ஒரு காலத்தில் தெரியும், கபடி வர்ணனை சோலைராஜ் என்று நோட்டீஸில் ஆட்டக்காரர்கள் பெயருக்கு மேலே என் பெயரைப் போட்ட காலம் இருந்தது. வெயில் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் பின்னால் இறங்குகிறது. களத்தில் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள், மண் வாசனை, வாசனைக்குப் பின்னால் சாம்பிராணி, சாம்பிராணிக்குப் பின்னால், வேண்டாம், அங்கேயே நில். ஈர மண். அவ்வளவுதான். மூன்றாவது இடத்துக்கான ஆட்டம் இது. இதை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை, டீ குடிக்கப் போகிற நேரம் இது, காலையிலிருந்து பேசிய பிரவீனுக்குத் தொண்டை கட்டிவிட்டது, இறுதி ஆட்டத்துக்காக அவன் குரலைக் காப்பாற்ற வேண்டும், அந்த இடைவெளியில்தான் காதர் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தான். எனக்கு அதில் குறையில்லை. நாலு வருஷத்துக்குப் பிறகு வாசல் திறந்தால் முன்வாசலா பின்வாசலா என்று பார்க்கக் கூடாது. ஆனால் கமிட்டித் தலைவர் தவசியப்பன் கொஞ்சம் முன்னால் இதே இடத்தில், என் தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "காதரு, நல்லா யோசிச்சியா? மனுசன் இப்ப நல்லா இருக்காரா?" என்று கேட்டார். "நல்லா இருக்கான்ணே. நான் பக்கத்துலயேதான இருக்கப் போறேன்." "அன்னிக்கும் நீ பக்கத்துலதான இருந்த?" காதர் குனிந்து ஆம்ப்ளிஃபயர் வயரைச் சொருக ஆரம்பித்தான். இந்த நோய் வந்தவனுக்குக் காதும் கேட்காது என்று ஊர் எப்படியோ முடிவு செய்துவிடுகிறது. "தலைவரே," என்றேன், அவர் திடுக்கிட்டுத் திரும்பினார், "ஒரே ஒரு மேட்ச். பேசிட்டு மைக்கைக் குடுத்துடறேன். இடையில சரியில்லன்னா நானே குடுத்துடுவேன், நீங்க வாங்க வேண்டியதில்ல." அவர் என் கண்ணைப் பார்த்தார். எல்லாரும் கண்ணைத்தான் பார்க்கிறார்கள், எதைத் தேடுகிறார்களோ. "சரிப்பா, பேசு," என்றார். எனக்குத் தெரியும், இன்றைக்குத் தவறினால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தக் களத்திலும் என் கைக்கு மைக் வராது. பஞ்சவர்ணத்துக்கும் தெரியும். அவள் என் மனைவி. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, உங்க இஷ்டம் என்றாள், பிறகு நல்ல சேலையாக ஒன்று எடுத்துக் கட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டாள். பெண்கள் உட்கார்ந்திருக்கிற பக்கம் போகாமல் மேடைக்கு நேர் எதிரே, எழுந்தால் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

வணக்கம் என்றேன். வணக்கம் என்றது கம்பத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி, கொஞ்சம் தாமதமாக. அது என் குரல்தான். நான் பேசிய பிறகு வருகிறது. எனக்கு முன்னால் வந்தால்தான் பயப்பட வேண்டும். அன்பார்ந்த கபடி ரசிகர்களே, வெள்ளைப்பாறை அணியும் மேலக்கோட்டை அணியும் களத்துக்கு வந்திருக்கிறார்கள், சிவப்புச் சட்டை வெள்ளைப்பாறை, நீலச் சட்டை மேலக்கோட்டை, என்று ஆரம்பித்துவிட்டேன், வாய் தன் பாதையைக் கண்டுபிடித்துவிட்டது, மாடு தானாக வீட்டுக்குத் திரும்புகிற மாதிரி. மாடு. இந்த மாட்டை நினைத்தால் எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். டாக்டரம்மா ஒரு பரீட்சை வைத்தார், உங்களுக்குத் தெரிஞ்ச விலங்கு பேரெல்லாம் நிறுத்தாமச் சொல்லுங்க என்றார். "விலங்குன்னா கையில மாட்டுறதா டாக்டர்?" என்று கேட்டேன், கிண்டல் இல்லை, நிஜமாகவே அந்த வார்த்தைக்கு முன்னால் இரண்டு கதவும் திறந்து கிடந்தது, ஒன்றில் சிங்கம், ஒன்றில் போலீஸ். காட்டுல இருக்கறது என்றார். ஆடு, மாடு என்று ஆரம்பித்தேன், மாடி என்றேன், மாடிப்படி என்றேன், படி அரிசி, அரிசி மூட்டை, மூட்டைப்பூச்சி என்று போய்க்கொண்டே இருந்தேன், எனக்கு அதில் ஒரு தவறும் தெரியவில்லை, ஒரு வீட்டுக்குள் நுழைந்து கொல்லைப்புறமாக வெளியே வந்து அடுத்த வீட்டுக்குள் நுழைகிற மாதிரி சுகமாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் கையை உயர்த்தி, "சோலைராஜ், மாடிக்கு வந்துட்டீங்க. மாடியில ஏதாச்சும் விலங்கு இருக்கா?" என்றார். யோசித்தேன். "பூனை இருக்கும்." "ஆங், பூனை. அப்புறம்?" நாய், எலி, நரி, முயல், நான் திரும்பி வந்துவிட்டேன். அவருக்கும் சிரிப்பு, எனக்கும் சிரிப்பு. ஒரு வார்த்தையைக் கூப்பிட்டால் அதன் சொந்தபந்தம் அத்தனையும் வேட்டி சேலை கட்டிக்கொண்டு கிளம்பி வந்துவிடுகிறது, அதுதான் என் தொல்லை. என் தொழிலும் அதுதானே? பிடி என்று சொன்னால் உடும்புப்பிடி வர வேண்டும், இரும்புப்பிடி வர வேண்டும், கூட்டம் கை தட்ட வேண்டும், எத்தனை வருஷம் அதில் சோறு சாப்பிட்டேன். வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தத் தெரிந்தவரைக்கும் நான் வர்ணனையாளன், அது தெரியாமல் போன அன்று ஆஸ்பத்திரி நோயாளி. வெள்ளைப்பாறையின் ஜெயசீலன் முதல் ரெய்டுக்கு வருகிறார், ஒட்டடைக் குச்சி மாதிரி நெட்டையான ஆள், வலது கால் முன்னே, இடது கால் பின்னே, ஓரமாக வருகிறார், ஓரத்தில் நிற்பவர் மேலக்கோட்டை ஒச்சப்பன், கருங்கல்லைச் செதுக்கிச் சட்டை போட்ட மாதிரி ஆள். காலைப் பார், சோலை. காலுக்கு வார்த்தை கம்மி. வைக்கும், எடுக்கும், தாண்டும், மடங்கும். மூஞ்சியைப் பார்த்தால் ஆயிரம் வார்த்தை வரும், காலைப் பார்த்தால் நாலு வார்த்தைதான் வரும். இது நானே கண்டுபிடித்தது, வீட்டில் செல்போனில் பழைய ஆட்டங்களைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, பஞ்சவர்ணம் தூங்குகிறாளா என்று பார்த்துக்கொண்டு, முணுமுணுவென்று பேசிப் பழகியது. அவள் தூங்கவில்லை என்று பிறகு சொன்னாள். கேட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தாளாம்.

வந்த வேகத்தில் திரும்பிவிட்டார் ஜெயசீலன், புள்ளி இல்லை, மேலக்கோட்டை வருகிறது, வாய் பேசிக்கொண்டிருக்கிறது, இதே களம், இதே பெஞ்சு என்று மனசு வேறொரு பக்கம் திரும்புகிறது. திரும்பினால் திரும்பட்டும், பயந்து கண்ணை மூடுகிற கட்டம் தாண்டிவிட்டேன். நாலு வருஷத்துக்கு முன்னால், அன்றைக்கு அரையிறுதி ஆட்டம். ஒருத்தன் கோட்டைத் தொட்டான். கோடு என்றேன், கோட்டை என்றேன், கூட்டம் சிரித்தது, அடுக்குமொழி என்று நினைத்துக்கொண்டது, கோட்டைச்சாமி என்றேன், எங்கள் தெருவில் அப்படி ஒரு ஆள் உண்டு, அதற்கும் சிரித்தார்கள், சாமி என்றேன், சாமி சொல்லிவிட்டது இந்த ஆட்டத்தை நிறுத்து, ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஆட்கள் இல்லை என்றேன். சிரிப்பு நின்றது ஞாபகம் இருக்கிறது. சிரிப்பு ஒரே நேரத்தில் நிற்கவில்லை, முன்வரிசையில் முதலில் நின்றது, பின்னால் தெரியாமல் சிரித்தவர்கள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். காதர்தான் ஆம்ப்ளிஃபயரை அணைத்தான். மைக் செத்தது எனக்குத் தெரியவில்லை, கத்திக்கொண்டே இருந்தேன். பஞ்சவர்ணம் மேடை ஏறி வந்து முந்தானையால் என் வாயோரத்து நுரையைத் துடைத்து, வீட்டுக்குப் போலாம் வாங்க என்றாள், கோயிலுக்கு வந்துவிட்டுத் திரும்புகிறவர்களைக் கூப்பிடுகிற சாதாரணக் குரலில். அப்போது யாருக்கும் தெரியாது, எனக்குள் இன்னொருத்தன் அதற்குப் பல மாதம் முன்பே மைக் பிடித்துவிட்டான் என்று. சோலை எழுகிறான். சோலை பல் தேய்க்கிறான். சோலை சோற்றைப் பார்க்கிறான், சோற்றில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை, ஐயோ பாவம் சோலை. என்னைவிட நல்ல குரல் அவனுக்கு, ஒரு எழுத்து பிசகாது, மூச்சு வாங்க மாட்டான், தண்ணீர் குடிக்க மாட்டான். உலகத்தில் எத்தனையோ பேருக்கு இந்த நோய் வருகிறது, எனக்கு மட்டும் வந்தவன் வர்ணனைக்காரனாக வந்து சேர்ந்தான் என்று நினைத்தேன், அப்படி இல்லை, நிறையப் பேருக்கு அப்படித்தான் கேட்கும், நடக்கிறதை எல்லாம் யாரோ சொல்லிக்கொண்டே வருகிற மாதிரி, என்றார் டாக்டரம்மா, அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. சீட்டில் மனச்சிதைவு என்று எழுதியிருந்தது. சிதை என்றால் பிணத்தை அடுக்கி எரிக்கிற சிதை. என் மனசை ஏன் டாக்டர் கட்டையில் வைக்கிறீங்க என்று கேட்டேன். "எனக்கும் அந்தப் பேரு பிடிக்காது சோலைராஜ்," என்றார், "பேரை விடுங்க, மாத்திரையை விட்டுடாதீங்க." மாத்திரை அவனை அடக்கியது, கூடவே எல்லாரையும் அடக்கியது. ஒரு வருஷம் என் வீட்டு வாசலுக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. தாகமாக இருக்கும், தண்ணி என்கிற சொல் இருக்காது, குடத்துல இருக்கறது என்பேன். பஞ்சவர்ணத்தின் பெயரைத் தேடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பேச்சு அதிகமானபோது பயந்தவள் பேச்சே இல்லாதபோதுதான் அழுதாள். பிறகு டாக்டரம்மா மருந்தைக் குறைத்து மாற்றிக் கொடுக்க, ஒன்று ஒன்றாக வந்தன, உப்பு, கதவு, செவ்வாய்க்கிழமை, காலியான ஊருக்குச் சனம் திரும்புகிற மாதிரி. அவனும் இருக்கிறான். முழுசாகப் போகவில்லை. பக்கத்து வீட்டு டிவி மாதிரி, சுவருக்கு அந்தப் பக்கம்.

ஆகா, தூக்கிட்டாரு, தூக்கிட்டாரு! மேலக்கோட்டை ஆளை இடுப்போடு சேர்த்துத் தூக்கி வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள் வெள்ளைப்பாறைக்காரர்கள், கல்யாண வீட்டுல பெரியம்மாவைத் தூக்கி நாற்காலியில உக்கார வச்ச மாதிரி, பத்திரமா, மரியாதையா, என்றேன், எங்கிருந்தோ அது வந்தது, டீக்கடைப் பக்கம் நின்றவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். பழைய சிநேகிதன். ஒருத்தர் டம்ளரோடு களத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார், அவருக்குப் பின்னால் இரண்டு பேர். நாக்கு வறள்கிறது, மாத்திரை செய்கிற வேலை, பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துக்கொள்கிறேன், குடிக்கிற நேரத்தை நிரப்ப வேண்டும் என்ற பதற்றம்கூட இல்லை, ஆட்டம் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது, நான் பேசாவிட்டால் நின்றுவிடாது. இதை முன்பு நான் நம்பியதே இல்லை. முன்பெல்லாம் நான் பேசுவதால்தான் ஆட்டக்காரன் ஓடுகிறான் என்று இருந்தது, உடம்பு நன்றாக இருந்த காலத்திலேயே கொஞ்சம் அப்படி இருந்தது, அங்கேதான் அது முளைவிட்டதோ என்னவோ. இப்போது அவன் ஓடுகிறான், நான் சொல்கிறேன். மேலக்கோட்டை கைக்கு ஒரு புள்ளி, வெள்ளைப்பாறை கைக்கு ஒரு புள்ளி, விட்டுப் பிடித்து இரண்டு பக்கமும் சமமாக ஏறுகிறது, மூன்றாவது இடத்துக்கா இப்படி ஆடுகிறார்கள், உயிரைக் கொடுத்து ஆடுகிறார்கள். காதர் என் முழங்காலில் தட்டினான், நல்லா இருக்கு மாப்ள என்று உதட்டை மட்டும் அசைத்தான். பஞ்சவர்ணம் சிரிக்கவில்லை, அவள் கண் களத்தில் இல்லை, என் வாயில் இருக்கிறது, பிள்ளை முதல்முதலாகச் சைக்கிள் விடும்போது சக்கரத்தையே பார்த்துக்கொண்டு பின்னால் ஓடுகிறவர்கள் மாதிரி. பார்க்கட்டும். எனக்குப் பழக்கம்தான்.

பிற்பாதியில் ஜெயசீலன் வந்தார். எதிரே மேலக்கோட்டை ஆட்கள் முழுசாக நிற்கிறார்கள், ஒருத்தர்கூட வெளியே போகவில்லை, அவர் ஒச்சப்பனிடம் போகாமல் நடுவில் நுழைந்தார், உடம்பை வலப்பக்கம் காட்டி இடது காலை நீட்டி அந்த உள்கோட்டைத் தாண்டி வைத்தார், பின்கால் அந்தரத்தில், ஒரு கண்ணிமைப்பு, வைத்த வேகத்தில் எடுத்துத் திரும்பிவிட்டார். நடுவர் விரலைக் காட்டினார். அதற்கு ஒரு வார்த்தை இருக்கிறது. நான் வாயைத் திறந்தேன். அந்த வார்த்தை இருந்த இடம் இருக்கிறது, வார்த்தை இல்லை. போன, என்று வருகிறது, போனவன், போன வருஷம், போனால் வராது, மில்லு, மில்லில் தீபாவளிக்குக் கொடுப்பது, தீபாவளி, வெடி, வெடித்தது, இல்லை, அது இல்லை, கபடியில் ஒவ்வொரு ஆட்டத்திலும் சொல்கிற வார்த்தை, சின்னப் பிள்ளைக்குத் தெரிந்த வார்த்தை, ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை, மைக் கையில் இருக்கிறது, ஒலிபெருக்கியில் என் மூச்சு மட்டும் ஊரெல்லாம் கேட்கிறது. சோலைக்கு வார்த்தை வரவில்லை. வந்துவிட்டான். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்துவிட்டான். சோலை மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், தலைவர் தவசியப்பன் எழுந்து நிற்கிறார், சோலையைத்தான் பார்க்கிறார், சோலை இதோ விழப்போகிறான். எவ்வளவு தெளிவான குரல். அவன் சொல்வதெல்லாம் உண்மை, தவசியப்பன் எழுந்துதான் நிற்கிறார், பஞ்சவர்ணம் கையைத் தரையில் ஊன்றிவிட்டாள், எழப் போகிறாள், பக்கத்தில் காதரின் கை ஆம்ப்ளிஃபயர் பக்கம் மெதுவாக நகர்கிறது, விரல் சுவிட்சின் மேல் இருக்கிறது. இனி என்ன, கொடுத்துவிடலாமா, நானே கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேனே, கொடுத்தால் அது தோல்வி இல்லை, வாக்கைக் காப்பாற்றுவது, மரியாதையாக இறங்கிவிடலாம் என்று ஒரு பக்கம் நான் கணக்குப் போடும்போதே அவன் அதையும் சொல்கிறான், சோலை இறங்கிவிடலாம் என்று நினைக்கிறான். நான் களத்தைப் பார்த்தேன். மேலக்கோட்டைக்காரன் ஒருத்தன் ரெய்டுக்குக் கிளம்பிவிட்டான், புழுதி கிளம்புகிறது, ஒச்சப்பன் முழங்காலைத் துடைத்துக்கொள்கிறார். எனக்குள் பேசுகிறவன் அதைச் சொல்லவில்லை. காத்திருந்தேன். அவன் சொல்லவே இல்லை. சோலை பார்க்கிறான், சோலை காத்திருக்கிறான் என்றுதான் சொன்னான். இத்தனை வருஷம் என்னைப் பற்றி ஓயாமல் பேசினானே, ஒரு ரெய்டைப் பற்றி ஒரு தடவை பேசியிருக்கிறானா? சிவப்புச் சட்டை எது, நீலச் சட்டை எது, அந்தக் கால் எங்கே போனது, யார் தொட்டது, ஒன்றும் தெரியாது அவனுக்கு. அவனுக்குக் கபடி தெரியாது. எனக்குத் தெரியும். சிரிப்பு வந்துவிட்டது. மைக்கை வாயிலிருந்து விலக்கி, "காதர், கைய எடு," என்றேன். அவன் என்னைப் பார்த்தான், கண்ணைத்தான் பார்த்தான், பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"ரசிகப் பெருமக்களே," என்றேன், "இப்ப ஜெயசீலன் என்ன பண்ணாருன்னு பாத்தீங்களா? எதிர்ல எல்லாரும் நிக்கிறாங்க, ஒருத்தர் குறையல. உள்கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கால வச்சாரு, இன்னொரு கால் ஆகாசத்துல. ஒருத்தரும் தொடல. வெள்ளைப்பாறைக்கு ஒரு புள்ளி. இதுக்கு ஒரு பேரு இருக்கு. வாய் வரைக்கும் வந்துட்டு எனக்கு டிமிக்கி குடுக்குது. உங்களுக்கு வருதா?" டீ டம்ளரோடு நின்ற ஆள்தான் முதலில் கத்தினார், "போனஸ்!" அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் கத்தினார்கள், பிறகு பெண்கள் பக்கம், பிறகு மதில் மேல் உட்கார்ந்திருந்தவர்கள், போனஸ் போனஸ் என்று மைதானமே கத்தியது, "அதேதான்! மில்லுல கேட்டா தர மாட்டாங்க, கபடியில கால வச்சா தருவாங்க!" என்றேன், விசில் பறந்தது. பஞ்சவர்ணம் ஊன்றிய கையை எடுத்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டாள். தவசியப்பன் உட்கார்ந்துவிட்டார். அவன் ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருந்தான், சோலை தப்பித்தான் என்றோ என்னவோ, கூட்டத்தின் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு நான் வாசலைத் திறந்துவிட்டேன். எல்லாரும் வரட்டும் என்று விட்டேன், வந்தவர்களில் யாருக்கு இலை போடுவது என்பதை நான் பார்த்துக்கொண்டேன். பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன், பயம் மேடைக்குக் கீழே ஒரு நாய் மாதிரி படுத்துக் கிடந்தது, அது பாட்டுக்குக் கிடந்தது. டீ குடிக்கப் போனவர்கள் எல்லாரும் திரும்பிவிட்டார்கள், களத்தைச் சுற்றிக் கயிறு தெரியாத அளவுக்குக் கூட்டம். இரண்டு பக்கமும் சமப் புள்ளி, கடைசி ரெய்டு, ஜெயசீலன் வருகிறார், நெட்டைக் கால், நிதானக் கால், அவசரமில்லாத கால், வாங்க சார் வாங்க, யார் வீட்டுக்கு வந்தீங்க, நடுவுல யாருமில்ல, இந்த மூலையில ஒருத்தர் இருக்காரு, அவரு பேரு ஒச்சப்பன், அவரைப் பார்க்காமப் போகக்கூடாது, ஜெயசீலன் கை நீட்டுகிறார், எட்டவில்லை, கால் நீட்டுகிறார், அங்கதான், அங்கதான், கணுக்கால்! பிடிச்சுட்டாரு ஒச்சப்பன்! உடும்புகூடக் களைச்சுப் போய் விட்டுடும், ஒச்சப்பன் விடமாட்டாரு, இழுக்கிறாரு ஜெயசீலன், நடுக்கோடு அங்க இருக்கு, கை இங்க இருக்கு, நடுவுல ஒரு சாண், அரைச் சாண், விரல், ஐயா விரல், தொட்டாரா, தொடல, தொடல, மூச்சு போச்சு, கபடிப் பாட்டு போச்சு, மேலக்கோட்டை! மேலக்கோட்டை! என் குரல் ஒலிபெருக்கியில் கிழிந்தது. காதர் ஒலியைக் குறைக்கவில்லை, என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தான். மண்ணில் கிடந்த ஜெயசீலனை ஒச்சப்பனே கை கொடுத்துத் தூக்கிவிட்டார். அதையும் சொன்னேன்.

மைக்கைக் காதரிடம் கொடுத்தபோது உள்ளங்கை ஈரத்தில் அது வழுக்கியது. தவசியப்பன் மேடைக்கே ஏறி வந்துவிட்டார், பின்னால் பிரவீன், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு. "யோவ் சோலை, ஃபைனலும் நீயே பேசிடு. சனம் கேக்குது. பிரவீனுக்குத் தொண்டை வேற சரியில்ல." பிரவீன் என்னைப் பார்த்து, "பேசுங்கண்ணே, எனக்கு ஒண்ணும் இல்ல," என்றான், நல்ல பையன், ஆனால் முகம் கொஞ்சம் சுருங்கித்தான் இருந்தது. ஆசை இல்லாமல் இல்லை. வாய்க்குள் இன்னும் ஐம்பது ரெய்டு இருந்தது. ஆனால் காதுக்குள்ளே ஒரு மெல்லிய ரீங்காரம் ஆரம்பித்திருந்தது, அதை எனக்குத் தெரியும், களைத்துப் போனால் வருகிற ரீங்காரம், அதைச் சட்டை செய்யாமல் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போனால் எந்தச் சந்தில் போய் நிற்கும் என்றும் தெரியும், அது தெரிந்தவன் இந்த மைதானத்தில் நான் ஒருத்தன்தான். "இன்னிக்கு இது போதும் தலைவரே," என்றேன். "அடுத்த வருஷம் கூப்பிடுங்க. அரையிறுதியிலேர்ந்து பேசறேன். நோட்டீஸ்ல பேரு போட்டுடுங்க." அவர், "போட்டுடறேன்யா, பெரிசாவே போட்டுடறேன்," என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்தத் தடவை கண்ணைத் தேடவில்லை, கையைத்தான் பார்த்தார். பிரவீன் மைக்கை வாங்கிக்கொண்டு, "எப்படிண்ணே அந்தப் போனஸை மறந்த மாதிரி நடிச்சீங்க? சூப்பர்ண்ணே," என்றான். நடிப்பு இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, "நெசமாவே மறந்துட்டேன் தம்பி," என்று சொல்லியே விட்டேன். அவன் நம்பவில்லை, சிரித்தான்.

பஞ்சவர்ணமும் நானும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தோம். நன்றாகப் பேசினீர்கள் என்று சொல்வாளோ என்று எதிர்பார்த்துக்கொண்டே நடந்தேன், சொல்லவில்லை, பஸ் நிறுத்தம் தாண்டிப் பரோட்டாக் கடை முன்னால் நின்று, "சாப்பிட்டுட்டுப் போயிரலாமா?" என்று மட்டும் கேட்டாள். கல்லில் கொத்து நடக்கிற சத்தம், எண்ணெய்ப் புகை, டியூப்லைட் வெளிச்சத்தில் நனைந்த மேஜை. உட்கார்ந்தோம். உடம்பு சரியில்லாமல் போனதிலிருந்து கடைக்கு வந்தால் எனக்கும் சேர்த்து அவள்தான் சொல்வாள். நான் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிற்பேன், சப்ளையர் எங்களை மாறி மாறிப் பார்ப்பார், அந்த முழிப்பைத் தாங்க முடியாமல் அவள் குறுக்கே புகுந்து சொல்லிவிடுவாள், நான் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சப்ளையர் தண்ணீரை வைத்துவிட்டு, "என்ன சாப்பிடறீங்க?" என்றார். அவள் இலையில் தண்ணீரைத் தெளித்து, மெதுவாக, ரொம்ப மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் என்னைப் பார்த்தார்.

"எனக்கு ரெண்டு பரோட்டா, சால்னா தனியா," என்றேன். "ஒரு கலக்கி, முட்டை பாதி வெந்தாப் போதும். அவங்களுக்கு முட்டை தோசை, நல்லா முறுகலா, வெங்காயம் நெறையப் போட்டு. மிளகுத்தூள் வேணாம், அவங்களுக்கு ஒத்துக்காது."

சப்ளையர் உள்ளே திரும்பி அதை அப்படியே கத்தினார். பஞ்சவர்ணம் தலையைக் குனிந்தபடி இலையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், அது எப்போதோ துடைத்து முடிந்திருந்தது.